கலஹா பஸ்ஸில் நான் பரப்பிய மலேரியா

இலங்கையிலிருந்து மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலகமே ஒப்புக்கொண்ட பிறகு, அதைத் திரும்பவும் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலரை மணியிலிருந்து மறுநாள் மத்தியானம் வரை அது இங்கே இருந்தது. என் தலைக்குள் மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. கலஹாவில் இரண்டு தோட்ட லயங்களில் வீடு வீடாக மருந்தடிக்க வைத்து, ஒரு கலியாணத்தையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டுத்தான் போனது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளில் வாசிக்கக் கொடுக்க ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். என் சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதிலும் பாதி என் மனைவியின் சாதனை. தவறுகள் என்று எடுத்துக்கொண்டால் கைவசம் நிறைய இருக்கின்றன. அவற்றில் இது மூத்த பிள்ளை.

நம் வேலை என்னவென்று உங்கள் வீட்டில் கேட்டால் என்ன சொல்கிறீர்களோ தெரியாது. நான் சொன்னது இதுதான்: மலேரியா ஒட்டுண்ணியின் குலம் கோத்திரம் விசாரிக்கிறேன். நோயாளியின் ஒரு துளி இரத்தத்துக்குள் இருக்கும் ஒட்டுண்ணி எந்த ஊர்க்காரன், யாருக்குச் சொந்தம், எப்போது எந்தக் கடலைத் தாண்டி வந்தான் என்று அதன் மரபணுவைப் பார்த்துச் சொல்லும் வேலை. நோய் ஒழிந்த நாட்டுக்கு இது இன்னும் முக்கியம். ஒருவருக்கு மலேரியா வந்தால் அது வெளிநாட்டில் தொற்றி வந்ததா, இங்கேயே ஒரு நுளம்பு கடித்து ஊட்டியதா என்று தெரிய வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் வைத்தியம் செய்து வீட்டுக்கு அனுப்பலாம். உள்ளூர்ச் சரக்கு என்றால் இத்தனை வருடம் காப்பாற்றிய நற்பெயர் போயிற்று.

இதில் எனக்கொரு தனிச் சந்தோஷம் உண்டு. குடியுரிமை கொடுக்க, என் தாத்தாவிடம் அவருடைய அப்பா எங்கே பிறந்தார் என்பதற்குப் பத்திரம் கேட்ட நாடு இது. அவர் கலஹாவிலிருந்து கண்டிக் கச்சேரி அலுவலகத்துக்கு நடந்து நடந்தே கிழவரானார்; பத்திரம் கிடைக்கவில்லை. அதே நாடு அவருடைய பேரனுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்து, ஒட்டுண்ணிகளின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னது. கண்டுபிடித்துக் கொடுத்தேன். அந்தப் பயல்கள் ஒருவனையும் வரிசையில் நிற்க வைக்கவில்லை.

அப்போது எங்கள் ஆய்வுகூடம் பிலிமத்தலாவையில், ஒரு பித்தளைச் சாமான் கடையின் மேல்மாடியில் இருந்தது. பழைய கட்டடத்தைத் திருத்தும்வரை தற்காலிகமாக என்று சொல்லி எங்களை அங்கே ஏற்றினார்கள். அந்தத் தற்காலிகம் நான் ஓய்வு பெறும்வரை தாங்கியது. கீழே குத்துவிளக்குத் தட்டும் சத்தம், மேலே நாங்கள் மூச்சுக்கூட விடாமல் துளித்துளியாக மருந்து கலக்கும் வேலை. இரண்டு அறைகள். ஒன்றில் பழைய இரத்த மாதிரிகளைத் திறக்க வேண்டும், மற்றதில் புதியதை. இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான்தான். எழுத்துகூட நன்றாக இருக்கும்.

எங்கள் தலைவியை நாங்கள் மேடம் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அதனால் அவர் கோபப்படும்போது நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு குனிவோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மரியாதை மாதிரித் தெரியும்.

சம்பவத்துக்கு வருகிறேன்.

கலஹாப் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த யோகராஜா என்ற இளைஞர், கண்டியில் ஒரு கடையில் மாணிக்கக் கல்லுக்குப் பட்டை தீட்டுபவர். காய்ச்சலும் நடுக்கமுமாய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இரத்தத்தைப் பார்த்தால் மலேரியா. ஆஸ்பத்திரியே திகைத்துப் போனது. வெளிநாடு போனீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். இந்தியாவுக்கு யாத்திரை? இல்லை. போன வருடம், அதற்கு முந்திய வருடம்? "இரத்தினபுரியில எங்க முதலாளியோட இன்னொரு கடை இருக்கு. அங்க ஒன்றரை மாசம் இருந்தேன். அவ்வளவுதாங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கலியாணம். பெண் அம்பிட்டியவைச் சேர்ந்த சர்மிளா. அவளுடைய அப்பா தியாகராஜா மாநகர சபையில் எழுதுவினைஞர்.

இரத்தம் எங்களிடம் வந்தது. எங்கள் உறைபெட்டியில், மலேரியா இந்நாட்டில் கொடிகட்டிப் பறந்த காலத்து இரத்த மாதிரிகள் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்று நானே மொனராகலைப் பக்கம் போய், முழங்கால் சேற்றில் நின்று எடுத்து வந்தது. அதன்மேல் எனக்குத் தனிப் பாசம். புதிய மாதிரியையும் பழைய உள்நாட்டு மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரபணுவில் பன்னிரண்டு இடங்களை ஒப்பிட வேண்டும். ஒரு மனிதனை மூக்கு, காது, மச்சம் என்று அடையாளம் பார்ப்பது போலத்தான்.

அன்று இரண்டாவது அறையின் கூரை ஒழுகியது. நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் அடுத்தது எப்போது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. இரண்டு மாதிரிகளையும் ஒரே மேசையில், ஒரே கையுறையோடு திறந்தேன். என் கையெழுத்தில் ஒட்டியிருந்த விதிக்கு நேர் கீழே.

முடிவு வந்தது. பன்னிரண்டு இடத்திலும் பன்னிரண்டும் பொருத்தம்! யோகராஜாவின் உடம்பில் இருப்பதும் மொனராகலையில் நான் எடுத்ததும் அச்சு அசல் ஒன்று. ஒழிந்துபோனதாகச் சொன்ன உள்நாட்டு ஒட்டுண்ணி எங்கேயோ இத்தனை வருடம் பதுங்கியிருந்து, என் சொந்த ஊரிலேயே தலை காட்டியிருக்கிறது!

ஒவ்வொரு சோதனையிலும் வெறும் தண்ணீர் மட்டும் விட்ட டியூப் ஒன்றும் வைப்போம். மரபணு இருந்தால் முடிவுத் தாளில் கோடு விழும்; தண்ணீருக்கு எந்தக் கோடும் விழக் கூடாது. அன்று அதில் மங்கலாக ஏதோ தெரிந்தது. நிழல் என்று முடிவு செய்தேன். நோயாளியின் டியூபிலும், தடித்த கோடுகளுக்குப் பக்கத்தில் மெல்லிய கோடுகள் சில இருந்தன. அவையும் நிழல். கண்டுபிடிப்பின் வாசலில் நிற்பவனுக்கு நிழல்கள் அதிகம்.

மேடம் அன்று கொழும்பில் கூட்டத்தில் இருந்தார். காத்திருந்திருக்கலாம். ஆனால் கலஹா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கை பரபரத்தது. எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, நாங்கள் பி.எச்.ஐ. மாத்தயா என்று கூப்பிடும் சிங்கள நண்பருக்கு, தொலைபேசி எடுத்தேன். இரகசியம் என்பதால் தாழ்ந்த குரலில்தான் பேசினேன். பஸ் ஏற்றத்தில் உறுமியதால் அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உயர்த்தினேன். இன்னும் கேட்கவில்லை. கடைசியில் நான் கத்திய வாக்கியம் இது: "மாத்தயா, இது வெளிநாட்டு மலேரியா இல்ல! கலஹாவுலயே பிறந்தது!"

அந்த நேரம் பார்த்து டிரைவர் ஒரு நிறுத்தத்தில் இயந்திரத்தை அணைத்திருந்தார்.

பஸ்ஸில் ஐம்பது பேராவது இருப்பார்கள். முன் இருக்கையிலிருந்த அம்மா மெதுவாக எழுந்து, என்னிடமிருந்து இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் புதன்கிழமை காலை பி.எச்.ஐ. மாத்தயா ஆட்களோடு தோட்டத்தில் இறங்கிவிட்டார். மருந்தடிப்பு, நுளம்புப் பிடிப்பு, எல்லோர் விரலிலும் ஊசிக் குத்து. பெயரை நான் சொல்லவில்லைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்திருக்கும் கலஹா மாப்பிள்ளை யார் என்று தெரியாதவர் அந்த மலையிலேயே இல்லை. செய்தி பேராதனை தாண்டி அம்பிட்டியவுக்கு ஏறிப் பத்து மணிக்குள் தியாகராஜாவின் மேசைக்குப் போய்விட்டது. அவர் அங்கிருந்தே அறிவித்தார்: மலேரியா பிறக்கிற ஊரில் என் மகள் வாழமாட்டாள். கலியாணம் தள்ளி வைக்கப்படுகிறது. எவ்வளவு காலத்துக்கு? "சுகாதாரப் பகுதி எழுத்துல அறிவிக்கிற வரைக்கும்."

இதெல்லாம் தெரியாமல் நான் மேடத்தின் அறையில் உட்கார்ந்திருந்தேன், பாராட்டுக்குத் தலையை எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்று யோசித்தபடி. மேடம் முடிவுத் தாளைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"பன்னிரண்டும் பொருந்துதோ?"

"ஆமாங்க மேடம். ஒண்ணுகூட மாறல."

"அதுதான் எனக்கு யோசினையா இருக்கு." குரல் இறங்கத் தொடங்கியது. "இந்த நாட்டிலை மலேரியா உச்சத்திலை இருந்த காலத்திலேயே ஒரு வீட்டிலை அண்ணனுக்கு ஒரு விதம், தம்பிக்கு இன்னொரு விதம். நுளம்புக்குள்ளை போற ஒவ்வொரு தரமும் அதுகள் கலந்து மாறும். நீர்தானே இதுபற்றிப் பொடியளுக்கு வகுப்பு எடுக்கிறனீர்?"

"ஆமாங்க."

"அப்ப இத்தனை வருசத்துக்குப் பிறகு, அதே மூக்கு, அதே மச்சம், அதே சட்டை, சட்டையிலை அதே பொத்தான் இல்லாமல் ஒருத்தர் வந்து நிண்டால், அது அவரின்ர வாரிசில்லை ஐசே. அவரின்ர போட்டோ."

மேடம் கையை நீட்டினார்.

"தண்ணி டியூப் எங்கை?"

காட்டினேன்.

"இது என்ன?"

"நிழலுன்னு..."

"தண்ணிக்கு என்ன நிழல்? மொனராகலை உம்மட கையுறையிலை இருந்து தண்ணிக்கும் போயிருக்கு, நோயாளியின்ர டியூபுக்கும் போயிருக்கு." பிறகு அந்த மெல்லிய கோடுகளைப் பேனாவால் தொட்டார். "இந்தா, நீர் நிழல் எண்டு தள்ளி விட்டது. இதுதான் அந்த நோயாளி."

கீழே குத்துவிளக்குத் தட்டுகிறவர் ஒரு கணம் நிறுத்தியது போல எனக்குத் தோன்றியது. என் சேகரிப்பிலேயே எனக்குப் பிடித்த ஒட்டுண்ணியை நானே நோயாளியின் இரத்தத்துக்குள் ஊற்றிவிட்டு, அங்கே அதைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு எதிர்பார்த்திருக்கிறேன். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரருக்கும் வராத பிழை. நம் ஆட்களுக்கு மட்டும் வரும், உங்களுக்கும் வரும். வரும்போது தண்ணீர் டியூப் ஒன்றுதான் உண்மை சொல்லும். அதற்கு உங்கள் பதவி உயர்வில் அக்கறை கிடையாது.

பி.எச்.ஐ. மாத்தயாவுக்கு மேடமே தொலைபேசி எடுத்தார். மன்னிப்பு முடிந்ததும் கேட்டார்: கொழும்புக்கு அறிவித்துவிட்டீர்களா? மறுமுனையில் அவர் சொன்னது எனக்கே கேட்டது.

"இன்னும் இல்ல மேடம். லெட்டர் எழுதி வச்சது. டைப் பண்ற நோனா இன்னிக்கு லீவு."

அன்று நாட்டின் நற்பெயரைக் காத்தது ஒரு தட்டெழுத்துப் பெண்மணியின் விடுமுறை. அவர் யாரென்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்தால் கும்பிடுவேன்.

நான் மெல்ல எழுந்தேன். "அப்ப நான் உடனே திரும்பச் செஞ்சுடறேன் மேடம்."

"அதை நான் தொடங்குறன். உமக்கு வேறை வேலை. நாலரை பஸ்ஸிலை போம்."

"பஸ்லயா?"

"நீர் பிழையை எந்தப் பாதையாலை அனுப்பினீரோ, திருத்தத்தையும் அந்தப் பாதையாலைதான் அனுப்ப வேணும். நேற்றுக் கேட்ட சனத்துக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லும். நோயாளியின்ர கதை ஒண்டும் சொல்லாதையும். உம்மட கதையை மட்டும் சொல்லும்."

என் சேவைக் காலத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த தொழில்நுட்ப ஆலோசனை இதுதான். அப்போது அப்படித் தோன்றவில்லை. வயிற்றுவலி என்று சொல்லலாமா என்றுதான் தோன்றியது.

கலஹா பஸ் புறப்பட்டு முதல் வளைவு தாண்டியதும், கண்டக்டருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. நேத்து இதே பஸ்ல நான் ஒண்ணு சொன்னேன்."

"கேட்டமே!" என்றது பின் இருக்கை.

"அது தப்பு. கலஹாவுல மலேரியா பிறந்ததுன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல. சோதனை செய்யும்போது நான்தான் பழைய இரத்தத்தைப் புது இரத்தத்தோட கலந்துட்டேன். என் கைப் பிழை. ஊர்ல போய்ச் சொல்லுங்க."

நேற்று என்னை விட்டு இரண்டு வரிசை தள்ளிப் போன அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப ஒங்க கை சுத்தமில்லாததுக்கு எங்க வீட்டுக்கு மருந்தடிச்சாங்களா?"

"ஆமாங்கம்மா."

"நல்லா இருக்கே! காலைலேருந்து ஒரு கரப்பான்பூச்சியக் காணோம். அடுத்த மாசமும் இப்பிடி ஒரு பிழை விடுங்க தம்பி."

பஸ் சிரித்தது. கண்டக்டர் என் தோளைத் தட்டினார். "அண்ணே, பேசினது போதும், டிக்கட் எடுங்க."

எப்படியோ, மானம் போனது ஒரு நாளில். செய்தி சரியானதும் அதே நாளில். இரண்டாவதற்கு முதலாவதுதான் கட்டணம் என்று புரிந்தது.

வியாழக்கிழமை சுத்தமான முடிவு வந்தது. தண்ணீர் டியூப் தண்ணீராகவே இருந்தது. யோகராஜாவின் ஒட்டுண்ணிக்கு நம் பழைய உள்நாட்டுக் குடும்பங்களோடு எந்த ஒட்டும் உறவும் இல்லை. இந்தியக் குடும்பத்தோடும் இல்லை. வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் பகிர்ந்திருந்த பட்டியலோடு ஒப்பிட்டபோது, மிக நெருங்கிய சொந்தம் மடகஸ்காரில் இருந்தது. சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தத் திசையில் கையைக் காட்டலாம்.

ஆஸ்பத்திரிக்கு நானும் பி.எச்.ஐ. மாத்தயாவும் போனோம். காய்ச்சல் விட்டு, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து யோகராஜா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்க உடம்புல இருக்கிறவன் மடகஸ்கார்க்காரன் மாதிரித் தெரியுது," என்றேன்.

தோடம்பழம் கீழே விழுந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்தார். "இரத்தத்துல ஊர்ப்பேரு எழுதியிருக்குமாண்ணே?"

"ஓரளவு."

எல்லாம் வந்தது. முதலாளி அவரைக் கல் பார்க்க மடகஸ்காருக்குக் கூட்டிப்போனது போன வருடம். அங்கே கடித்த நுளம்பு ஊட்டிய ஒட்டுண்ணி கல்லீரலில் மாதக்கணக்காக ஒளிந்திருந்து, கலியாண வாரம் பார்த்து எழும்பியிருக்கிறது. இந்த வகைக்கு அது வழக்கம். இரத்தினபுரி என்பது மாமனாருக்காகச் சொன்ன பொய். தியாகராஜாவின் மூத்த மகளைக் கட்டியவர் கட்டாருக்குப் போய், பதினொரு வருடமாக ஒரு கடிதமும் இல்லை. வெளிநாடு என்ற வார்த்தை வாயில் வருகிறவனுக்கு இரண்டாவது மகள் இல்லை என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

"மாமாவுக்குத் தெரிஞ்சா கலியாணம் நிக்கும். தெரியாட்டி கலஹா மலேரியான்னு நிக்கும். ரெண்டு பக்கமும் நிக்குதுண்ணே. என்ன செய்யட்டும்?"

பி.எச்.ஐ. மாத்தயா கூரையைப் பார்த்தார். "எனக்கு எழுத வேணும் 'வெளியிலே இருந்து வந்தது' மட்டும். ஊர்ப் பேர் கொழும்புக்குத்தான் போகும். மாமனாருக்குப் பிரதி இல்ல."

"எங்க வாயால வராது தம்பி," என்றேன். "ஆனா உங்க வாயால வந்தா நல்லது."

அவர் கீழே விழுந்த தோடம்பழத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வுகூடப் படிக்கட்டில் குடை ஊன்றும் சத்தம். தியாகராஜா. கக்கத்தில் அலுவலகத் தாள்கள் கட்டிய ஒரு கோவை. என் எதிரே கதிரையில் உட்கார்ந்து, கோவையைத் திறந்து, ஒரு தாளை எடுத்தார். மூன்று கேள்விகள், இலக்கமிட்டு, ஒவ்வொன்றின் கீழும் பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டு.

"ஒண்ணு. நோய் கலஹாவில் பிறந்ததா?"

"இல்லைங்க."

எழுதினார். "ரெண்டு. இல்லையெனில், எங்கே?"

"அது நோயாளியோட விஷயம். எங்களால சொல்ல முடியாது."

பேனா நின்றது. என்னை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சரி, அப்புறம் வருவோம். மூணு. செவ்வாய்க்கிழமை தவறான தகவலுக்குப் பொறுப்பானவர் யார்?"

"நான்."

"நீங்கன்னா, ஒங்க பிரிவா?"

"இல்லைங்க. நான். இந்தக் கை."

அவர் கதிரையில் சாய்ந்தார். முகத்தில் ஏதோ மலர்ந்தது. "முப்பத்தோரு வருஷ சர்வீஸ் எனக்கு. 'நான்'னு எழுதின ஒரு பதிலக் கூட கோவையில கண்டதில்ல." அதை மெதுவாக, அழகான எழுத்தில் எழுதினார். பிறகு விரல் இரண்டாம் கேள்விக்குத் திரும்பியது. "இப்ப இதுக்கு வருவோம். வெளியில இருந்து வந்ததுன்னா, அவன் எங்க போனான்?"

அப்போது பார்த்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி, இரத்தத்தை மீண்டும் பரிசோதிக்க வரச்சொல்லியிருந்த யோகராஜா வாசலில் வந்து நின்றார். மாமனாரின் முதுகு அவருக்குத் தெரிகிறது. கேள்வியும் காதில் விழுந்துவிட்டது. நான் கண்ணால் படிக்கட்டைக் காட்டினேன். ஓடிவிடலாம், கீழே பித்தளை தட்டும் சத்தத்தில் காலடி கேட்காது. இன்னும் இரண்டு நாளில் கலியாணம்.

அவர் உள்ளே வந்தார்.

"மடகஸ்கார் மாமா."

தியாகராஜா திரும்பவில்லை.

"முதலாளி கூட்டிட்டுப் போனாரு. ஒன்றரை மாசம். இரத்தினபுரின்னு சொன்னது பொய்."

"எதுக்குப் பொய்?" தியாகராஜா குடையைத் தரையில் குத்தினார். "மூத்தவ வாசல்ல நிக்கிறத நீ பாக்கல? போனவன் போனவன்தான். பதினொரு வருஷம்!"

"பாத்தேன் மாமா. அதான் பயந்தேன்." யோகராஜா சுற்றி வந்து, அவர் முகத்துக்கு நேரே நின்றார். "ஆனா நான் வந்துட்டேனே."

கீழே சுத்தியல் நாலைந்து தரம் விழுந்தது. மேடம் உள்ளறைக் கதவருகே அசையாமல் நின்றார். நான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். மேடத்தின் கண் என்னை உட்கார வைத்தது. விஞ்ஞானம் வாயை மூடிக்கொள்ள வேண்டிய நேரங்கள் உண்டு. அவற்றைப் பாடப் புத்தகத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

தியாகராஜா பேனாவை இரண்டாம் கேள்விக்கு நேரே வைத்தார். கடைசியில் கேட்டார், "அங்க என்ன சாப்பிட்ட?"

"சோறு மாமா."

"சோறா?"

"மூணு வேளையும் சோறுதான். காலைலயும் சோறு. நம்மளவிட அதிகம் திங்கிறாங்க. மலை, வயல், எல்லாம் நம்ம பக்கம் மாதிரியே இருக்கும்."

தியாகராஜா யோசித்தார். அவருக்கு ஒரு விதி இருந்தது, அதை மீற முடியாது. ஆனால் முப்பத்தொரு வருட சேவையில் விதியை மீறாமல் வழி கண்டுபிடிக்கத் தெரியாதவர் எழுதுவினைஞரே அல்ல.

"மூணு வேளையும் சோறுன்னா," என்றார் பேனாவை மூடியபடி, "அது வெளிநாடே இல்ல."

இரண்டாம் கேள்விக்குக் கீழே 'தீர்க்கப்பட்டது' என்று எழுதி, கோவையை மூடிக் கட்டினார். எழுந்தவர், மருமகனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "காய்ச்ச இல்ல. ஞாயித்துக்கிழம ஆறு மணிக்கே வந்துரு. சுணங்காத."

ஞாயிறன்று தாலி கட்டியானதும், பி.எச்.ஐ. மாத்தயா கையில் தண்ணீர்க் கோப்பையோடு மணவறைக்கே ஏறிவிட்டார். கல்லீரலில் ஒளிந்திருப்பவனை விரட்டப் பதினாலு நாள் மாத்திரை. ஒரு நாளும் தவறக் கூடாது. அவர் கண் முன்னே விழுங்க வேண்டும். மாப்பிள்ளை விழுங்கினார், மேளக்காரர் தானாகவே ஒரு தட்டுத் தட்டினார், மண்டபம் கைதட்டியது. மாத்தயா வெட்கத்தோடு கும்பிட்டுவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தார். மருந்தடித்த ஆட்கள் ஏற்கெனவே இரண்டாம் பந்தியில் இருந்தார்கள். கரப்பான்பூச்சி அம்மா அவர்களுக்கு விழுந்து விழுந்து பாயசம் பரிமாறினார்.

எனக்கு முன் வரிசை மரியாதை. தெம்பு வந்துவிட்டது. வாழ்த்த மேடையேறியவன், தம்பதியை நிற்க வைத்து விளக்க ஆரம்பித்தேன்: பன்னிரண்டு இடங்களை எப்படி ஒப்பிட்டோம், எத்தனை நாட்டுப் பட்டியல்களைப் புரட்டினோம், கடலுக்கு அப்பாலிருந்து ஒரு கண்ணுக்குத் தெரியாத உயிர் வந்த பாதையை எப்படி இரண்டு முழு நாட்கள் உட்கார்ந்து கண்டுபிடித்தோம். சர்மிளா மாலையைச் சரி செய்துகொண்டே பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

"மடகஸ்காருன்னு எனக்குப் போன வருஷமே தெரியுமே அங்கிள். அங்கேருந்து எனக்கு வெனிலா கொண்டுவந்து குடுத்தாரு. தீவாளிக்குக் கேக் செஞ்சேன், அப்பாகூட மூணு துண்டு சாப்பிட்டாரு. என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."